மாமாவின் சாக்கும் அப்பாவின் வயலும்

ஒன்பது வயதில் முப்பது தவளைகளைக் காப்பாற்றியவள் நான். வெகுகாலம் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எழுபதுகளில் வில்லாபுரத்தைத் தாண்டினால் வயல்கள்தான். எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டியே அப்பாவின் நெல்வயல் இருந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, மழைக்காலத்தில் கண்மாய்க்கரைகளில் தவளை பிடிப்பார். உள்ளங்கையில் அடங்காத பெரிய தவளைகள். முதல் மழைக்கு ஆண் தவளைகள் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் நிறம் மாறியிருக்கும். சாக்கில் கட்டி எங்கள் வீட்டில் போட்டுவைத்து, சாயங்காலம் வரும் ஏஜெண்டின் வேனில் ஏற்றிவிடுவார். பாவத்தொழில் என்று அப்பா அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார். எதற்குப் பிடிக்கிறீர்கள் என்று ஒருநாள் மாமாவிடம் கேட்டேன்.

"தொடையை மட்டும் வெட்டிக் கப்பல்ல அனுப்புவாக. வெளிநாட்டுல அம்புட்டு ருசியாத் திங்கிறாகளாம்."

"உயிரோடயா மாமா வெட்டுவாக?"

மாமா கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் சாக்கை இழுத்துக்கொண்டு கொல்லை வழியாக வெளியேறினேன். எங்கே விடுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. சாக்கில் உரசி உரசித் தவளைகளின் மூக்கெல்லாம் புண்ணாகியிருந்தது. அன்று காலையில்தான் அப்பா வயலுக்கு மருந்து அடித்திருந்தார். எங்கள் பக்கத்துக்கே அது அந்த வருஷம்தான் புதிது. எனக்குத் தெரிந்த மருந்து, காய்ச்சலுக்குக் கொடுப்பது. சாக்கை அவிழ்த்துக் கொட்டினேன். ஒவ்வொன்றாகத் தாவி, பயிருக்குள் மறைந்தன.

மறுநாள் காலையில் அப்பா வரப்போரம் மண்வெட்டியால் ஒரு குழியை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமா. அடி வாங்கத் தயாராகவே போனேன். நான்தான் அவிழ்த்துவிட்டேன், மருந்து பட்டால் புண் ஆறிவிடும் என்றுதான் இங்கே விட்டேன் என்றேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

"எல்லாம் கண்மாய்க்குப் போயிருச்சு ஆத்தா," என்றார் அப்பா. "நீ வீட்டுக்குப் போ."

நம்பினேன். வயல் முழுக்க வெள்ளை வயிறு தெரிய அவை செத்து மிதந்ததை, எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். குழி மூடிய அந்த நாளுக்குப்பின் அப்பா மாமாவின் தொழிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் துணிச்சல்தான் இருவரையும் சமாதானமாக்கியது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷ மழைக்கு எங்கள் கொல்லைப் பக்கம் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்றாள் அம்மா. நானும் நன்றாகத் தூங்கினேன்.