கேமரன் ஜேம்

கேமரன் மலையின் மூடுபனியைப் பற்றி மட்டும் அதுவரை ஏழு பதிவுகள் எழுதியிருந்தேன். காலைப் பனி, மாலைப் பனி, பனியில் படம் எடுப்பது எப்படி, பனி இல்லாத நாளில் என்ன செய்யலாம், இப்படி. எட்டாவதாக எழுத எதுவும் இல்லை. ஸ்ட்ராபெரி தீர்ந்துவிட்டது. தேயிலைச் சரிவு தீர்ந்துவிட்டது. குளிருக்கு எந்த உடை என்பதை மூன்று விதமாக எழுதியாகிவிட்டது. நான்காவது விதமாக எழுத வேண்டுமென்றால் மலையின் வெப்பநிலை மாற வேண்டும்.

தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய்க்காகத்தான் இதையெல்லாம் எழுதினேன். கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் சுற்றுலாக்காரர்களுக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறார். அந்த அறைகளை நோக்கி ஆட்களை இழுக்க ஒரு வலைப்பதிவு. வாரம் ஒன்று, தமிழிலும் ஆங்கிலத்திலும். அவர் போனில் கூப்பிட்ட அன்று வியாழக்கிழமை. நான் மருத்துவமனை நடைபாதையில், மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தங்கச்சி, போன வாரம் போட்டத படிச்சேன்."

"எப்படி இருந்துச்சு பாய்?"

"அதான் எனக்கும் புரியல. போன வருசமே படிச்ச மாதிரி இருக்கு. பழசத் தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல பாய். புதுசுதான்."

"என் மவன் அந்த ஏஐகிட்ட கேட்டான். நான் ஒரு தே தாரேக் டீ ஆத்தி முடிக்கல, அம்பது தலைப்பு குடுத்துருச்சு லா. சம்பளம் கேக்கல, லீவு கேக்கல." சிரித்தார். நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "கோவிச்சுக்காதம்மா. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். புதுசா ஏதாச்சும் கொண்டா. இல்லன்னா நானும் என்னதான் செய்றது, நீயே சொல்லு" என்றார்.

நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தவள். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். அம்மாவின் சிறுநீரகங்கள் கைவிட்டபோது அதை விட்டுவிட்டு மலை ஏறினேன். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். எங்கள் எஸ்டேட் கோலா தெர்லாவுக்கு அப்பால் இருக்கிறது. மருத்துவமனை தானா ராத்தாவில். அப்பாவுக்கு எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, நினைத்த நாளில் விடுப்பு கிடைக்காது. சிகிச்சை முடிந்து எழும்போது அம்மாவுக்குக் கால் நிற்பதில்லை, யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவது நான்தான். நடைபாதையில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை இந்த மலையில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் இருந்தது. இது போனால் நான் மறுபடியும் பினாங்குக்குப் போக வேண்டும், அம்மா தனியாக வேன் ஏற வேண்டும்.

பழுது பார்ப்பதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எங்கே பழுது இல்லை என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவது. தலைப்புகளையும் அப்படித்தான் அடித்தேன். எழுதி முடித்தவை ஒரு பக்கம். எழுத முடியாதவை இன்னொரு பக்கம்: மலைச்சரிவை மூடிக்கொண்டிருக்கும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள், லைன் வீடுகளில் குழாய்த் தண்ணீர் நின்றுபோகும் நாட்கள், இந்த நடைபாதை. அறை வாடகைக்கு எடுக்க வருபவனுக்கு இவை எதற்கு? அம்மாவும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "என்னய எழுதாத. நோயாளி வீட்டுக்கு யாரு விருந்துக்கு வருவா?" (இங்கே எழுதியிருப்பதை அவருக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் வெளியிடுகிறேன். 'கைவிட்டபோது' என்ற சொல் மட்டும் பிடிக்கவில்லை என்றார்.)

கடைசியில் நானும் அந்த ஏஐயிடமே கேட்டேன். எனக்கும் ஐம்பது கொடுத்தது. 'மறைந்திருக்கும் அழகு' மூன்று இடத்தில் வந்தது. கீழே போகப் போக, என்னுடைய பழைய தலைப்புகளே சட்டையை மாற்றிக்கொண்டு வரிசையில் நின்றன. கோபம்கூட வரவில்லை. திரையை மூடிவிட்டு, அம்மாவின் செருப்பை எடுத்து நேராக வைத்தேன்.

மிச்சமிருந்தது தேடல் அறிக்கை. என்ன சொற்களைத் தட்டச்சு செய்து ஆட்கள் நம் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று காட்டும் பக்கம் அது. அதில் பல மாதங்களாக மேலேயே இருந்தது ஒன்று: ஆங்கில எழுத்தில் 'கேமரன் ஜேம்'. அதை நான் பார்க்காமல் விடவில்லை. சில வாரங்களுக்கு முன்பே அதற்கென்று பதிவு போட்டிருந்தேன். ஸ்ட்ராபெரி ஜேம்! கியா பார்ம் சந்தையில் பழம் வாங்கி, அம்மாவை அடுப்பு முன்னால் நிறுத்தி, கிளறும் கையை மட்டும் படம் எடுத்து, எந்தக் கடையில் எந்த ஜேம் நன்றாக இருக்கும் என்பதுவரை எழுதினேன். ஆட்கள் வந்தார்கள். வந்த வேகத்திலேயே போனார்கள். பக்கத்தைத் திறந்து, முதல் படத்தைப் பார்த்து, மூடிவிட்டார்கள். படம் சரியில்லை என்று நினைத்து வேறு படம் மாற்றினேன். அப்படியும் போனார்கள். சர்க்கரை அளவில் ஏதோ தப்பு என்றுகூட நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பள்ளி விடுமுறை. எங்கள் லைனில் இருக்கும் வேன் அண்ணன் வழக்கத்தைவிட வெள்ளென வந்து ஹார்ன் அடித்தார். அப்படியும் கியா பார்ம் ஏற்றத்துக்கு முன்பே வரிசை தொடங்கிவிட்டது. முன்னால் கோலாலம்பூர் எண் கார்கள், சிலாங்கூர் எண் கார்கள். கோலா தெர்லாவிலிருந்து வந்த காய்கறி லோரி ஒன்று எங்கள் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது. அம்மா ஸ்வெட்டருக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் உன் ஆளுங்கதானா?" என்று கேட்டார்.

"என் ஆளுங்க யாரும்மா?"

"நீதான வாங்க வாங்கன்னு எழுதுற. வந்துட்டாங்க. எறங்கிப் போயி ஒரு கும்புடு போட்டு வழி கேளு."

வேன் அண்ணனுக்கு அது போதும். "அக்கா, அந்த வெள்ளக் காரப் பாருங்க. நடு ரோட்டுல நிப்பாட்டிட்டு சோளம் வாங்கப் போயிட்டான். ஏன் பாப்பா, சோளத்தப் பத்தியும் எழுதிட்டியா?"

"எழுதியிருக்கேண்ணே."

"நல்லாருக்கு போ."

வெள்ளைக் காரின் ஆள் சோளத்தோடு திரும்பி வந்தார். கார் ஒரு வண்டி நீளம் நகர்ந்து மறுபடியும் நின்றது. வேன் அண்ணன் என்ஜினை அணைத்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. ஈப்போவில் இருக்கும் அவருடைய தங்கை. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, கேமரன் ஜேமா?"

வணக்கம் இல்லை, நலமா இல்லை. நேராக அந்த இரண்டு சொல்.

"ஜேம்தான். கியா பார்ம்ல அப்படியே செத்துக் கெடக்கு. இப்ப ஏறாத. சாயந்தரமா ஏறு. இல்லன்னா நாளைக்குக் கடைங்க தொறக்கறதுக்குள்ள வந்துரு."

"புள்ளைங்க ரெடியாயிட்டாங்கண்ணே."

"ரெடியானா டிவி போட்டு உக்கார வையி. இங்க வந்து கார்ல ஒண்ணுக்குப் போவணும்னு அழுவாங்க, நீயும் அழுவ."

அவர் போனை வைத்த பிறகும் நான் அந்தக் கருப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, 'கேமரன் ஜேம்'னு யாராச்சும் போன்ல தேடுனா, எதத் தேடுறாங்கன்னு நினைக்கிற?"

"இத." முன்கண்ணாடிக்கு வெளியே நகராமல் நின்ற கார் வரிசையைக் காட்டினார். "இதத் தேடி வேற வர்றாங்களா?"

"நான் ஸ்ட்ராபெரி ஜேம்னு நினைச்சேம்மா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கா என்னய அடுப்பு முன்னால நிக்க வச்ச?"

வேன் அண்ணன் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பெரிய உற்சாகம் ஒன்றும் வரவில்லை. வாரம்தோறும் இந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நான். கையில் அந்தச் சொல்லையும் வைத்திருந்தேன். என்னுடைய சனிக்கிழமை ஒரு தலைப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது நான் கடந்து போக வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். எழுதுவதற்கு இருப்பது எல்லாம் ஜன்னலுக்கு வெளியே, அழகாக, வேறு எங்கோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். அம்மாவின் நேரம் குறைந்துவிடுமோ என்று பயந்தேன். நர்ஸ் மிஸ்ஸி அம்மாவின் கையைப் பிடித்துப் படுக்க வைத்தபடி, மலாயில், "எம்பாட் ஜாம், மக்சிக்" என்றார். நான்கு மணி நேரம், அத்தை என்று பொருள். நேரம் குறையாது. மணி நேரத்துக்கு மலாயில் ஜாம், ஆங்கில எழுத்தில் எழுதினால் அதுவும் அதே சொல்தான்.

நடைபாதையில் உட்கார்ந்து எழுதினேன். அழகு என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை. வரிசை எங்கே தொடங்கும், எப்போது வீங்கும், எப்போது வடியும், லோரிகள் எந்த நேரத்தில் இறங்கும், சோளத்துக்காக எந்த வளைவில் நிறுத்தக் கூடாது. இதற்கு மாற்றுவழி கிடையாது, இதே சாலையில்தான் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் போகிறார்கள் என்று ஒரு வரி. அந்த வரியை இரண்டு தடவை அழித்தேன், மூன்றாவது தடவை விட்டுவிட்டேன். அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சாலையைப் பற்றித்தான் சொல்லியிருந்தேன்.

அனுப்பிவிட்டுக் காத்திருக்கப் பொறுமை இல்லை. அம்மா தூங்கியதும் பாய் கடைக்கு நடந்தேன். கடை நிரம்பி வழிந்தது. கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே பாய் போனில் படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது.

"ஜேமா இருக்கு, வராதன்னு எழுதியிருக்க. என் கடைக்கு நானே பூட்டு வாங்கணுமா தங்கச்சி?"

"வராதன்னு எழுதல பாய். எப்ப வரணும்னு எழுதியிருக்கேன். வெள்ளிக்கெழம சாயந்தரமே வந்துட்டா ஜேம் இல்ல."

"சரி, வெள்ளி வந்துட்டு?"

"வெள்ளி ராத்திரி எங்க பாய் தங்குவாங்க?"

அவர் கண் மெதுவாக மேலே போனது. கூரையை, கூரைக்கு மேலே இருக்கும் அறைகளைப் பார்த்தது.

"ஒரு ராத்திரி கூடுதலா," என்றார்.

"ஆமா பாய்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன லா!" என்று கத்திவிட்டு, எனக்கு ஒரு தேநீர் சொன்னார். நான் நிற்கவில்லை. அம்மா எழும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பதிவைத் திறந்தவர்கள் மூடிவிட்டு ஓடவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்தார்கள். கீழே கேள்வி கேட்டார்கள்: அடுத்த வாரம் எப்படி, தீபாவளிக்கு எப்படி, கீழிருந்து எந்தப் பக்கமாக ஏறுவது. மாதக் கடைசியில் பாய் கூப்பிட்டு, ஏஐ பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல், "வெள்ளிக்கெழமதோறும் ஜேம் போட்டுரு. மக்க அதத்தான் கேக்குது" என்றார்.

ஆக, வேலை நிலைத்தது. நானும் மலையில் நின்றேன். ஒரு பதிவால் சாலை அகலமாகிவிடாது. சிலர் வெள்ளிக்கிழமையே வருகிறார்கள், அவர்கள் விட்ட இடத்தைச் சனிக்கிழமை வேறு சிலர் வந்து நிரப்புகிறார்கள். நான் வாரம்தோறும் வேன் அண்ணனையும் கோலா தெர்லா லோரிக்காரர்களையும் விசாரித்து, அதே ஏற்றத்தை, அதே வளைவை, புதிதாக எழுதுகிறேன். புதிய தலைப்பு என்று ஒன்று கிடைத்துவிட்டால் களைப்பு போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது போகவில்லை, இப்போது அதற்கு ஒரு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமையும் கியா பார்முக்குக் கீழேயே நின்றோம்.

"இந்த வாரம் என்னா எழுதுன?" என்று அம்மா கேட்டார்.

"ஜேம்."

"அதானே போன வாரமும் எழுதுன?"

"அது போன வாரத்து ஜேம்மா. இது வேற."

அம்மா முன்னால் நிற்கும் கார்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது," என்று சொல்லிவிட்டு, என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வேன் அண்ணன் என்ஜினை அணைத்தார்.