எதிர்மலை வரைக்கும் கேட்டது

போன வருடம் தை மாதம், ஏற்காட்டைத் தாண்டி கொட்டச்சேடு போகிற வழியில் ஒரு மலைக்கிராமத்தில் நடந்தது இது. காபிப் பழம் பறிக்கிற நேரம்.

என் மகன் தன்பாலீர்ப்பாளன். அது தெரிந்து, அழுது தீர்த்து, தெளிந்த பிறகு, இப்படிப்பட்ட பிள்ளைகளின் உரிமைகளைப் பற்றி ஊர் ஊராகப் பேசும் ஒரு சின்னக் குழுவில் சேர்ந்தேன். சேலத்தில் பேசினால் கையாவது தட்டுவார்கள். மலையில் நிற்க இடம் தரவே ஆள் இல்லை. சமுதாயக்கூடம் தருகிறேன் என்றவர்கள் முந்தின நாள் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒட்டிய நோட்டீஸ் மேலெல்லாம் சாணி. கடைசியில் ஒரு பழைய காபி குடோன் கிடைத்தது. எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விட்டால் தகராறு குறையும் என்று வேலை நாளாகவே பார்த்து வைத்தோம்.

ஊரில் எங்களுக்கு உதவியது மைக்செட்காரர் ஒருவர்தான். இனி கோயில் நோம்பிக்குக் கூப்பிட மாட்டோம் என்று மிரட்டியும் வந்தார். அங்கே எந்த விசேஷம் என்றாலும் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி விடிந்ததிலிருந்து பாட்டுப் போடுவார்கள். அவரும் மேலே ஒரு சில்வர் ஓக் மரத்தில் கட்டிவிட்டார். ஊரை எதற்குச் சீண்டவேண்டும் என்று நிறுத்தச் சொன்னோம். பாட்டு நின்றது. குழாயும் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

எங்களோடு வந்திருந்த திருநங்கைக்கு அதுதான் சொந்த ஊர். அப்பாவும் அண்ணனும் அடித்துத் துரத்திய பிறகு அன்றுதான் அந்த மண்ணை மிதித்தாள். குடோனுக்குள் வந்திருந்தது பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்த நாலைந்து தாய்மார்கள் மட்டும். அத்தனை பேருக்கு மைக் தேவையே இல்லை. ஆனால் பகையைச் சம்பாதித்துக்கொண்டு வந்த மனிதர் மனம் கோணக்கூடாதே என்று பெட்டி ஸ்பீக்கரை வைத்து மைக்கிலேயே பேசினோம். கல் வீசுவார்களோ என்று கதவைச் சாத்தியிருந்தோம்.

ஒரு தாய் அழுதுவிட்டாள். “என்ற பையனை ஊட்டை உட்டே தொரத்திட்டாங்க. நான் என்னத்தப் பண்றதுங்க?”

எங்களோடு வந்த திருநங்கை சட்டென்று மைக்கை வாங்கினாள். “எங்கம்மாவும் உங்களாட்டத்தானுங்க. அப்பாவுக்குப் பயந்துக்கிட்டுத்தான் இருக்கறாங்க. ஆனா சந்தை நாளன்னிக்கு ஏற்காட்டுக்கு வந்து, முந்தானைக்குள்ள மறைச்சுச் சோறு கொண்டாந்து எனக்கு ஊட்டி உட்டுட்டுப் போவாங்க. ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியாதுங்க. நீங்களும் அப்பிடியாச்சும் பாருங்க.”

அந்தத் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக்கூட, இந்த ஒன்றுக்காகவே வந்தது வீண்போகவில்லை என்று தோன்றியது.

நான் நன்றி சொல்ல எழுந்தபோது யாரோ கதவைத் திறந்தார்கள். நான் சொன்ன ‘வணக்கம்’ எதிர்மலையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. வெளியே மரத்துக் குழாய் பேசிக்கொண்டிருந்தது. மைக்செட்காரரிடம் ஓடினேன்.

அவர் சிரித்த முகமாகச் சொன்னார். “ஏனுங்க்கா, உள்ளார ஆளே இல்லீங்களே. எனக்கே நொம்பச் சங்கடமாப் போச்சுங்க. பழம் பறிக்கற சனமாச்சும் கேக்கட்டும்னு குழாயை அந்தப்பக்கமாத் திருப்பி உட்டனுங்க.”

கீழே சரிவில், காபிச் செடிகளுக்கு நடுவே, அத்தனை பேரும் கைவேலையை விட்டு ஒரே ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பெற்ற அந்த அம்மா மட்டும் தலையைத் தூக்காமல் பழம் பறித்துக்கொண்டிருந்தார். அவரை நோக்கி மூத்த மகன், இவளைத் துரத்திய அண்ணன், இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். “அம்மா” என்று ஓடப்பார்த்தவளை நாங்கள் பிடித்து இழுத்து வேனில் ஏற்றினோம். மைக்செட்காரர் ஒன்றும் புரியாமல் நின்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த சந்தைக்கு அம்மா வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. பிறகு யாருடைய போனிலிருந்தோ ஒரே ஒருமுறை பேசினார். “இனிமே வந்து காத்துக் கெடக்காத சாமி. என்னைய சந்தைக்கு உடமாட்டேங்கறாங்க. நீ வேளாவேளைக்குச் சாப்புடு.”

ஆனாலும் ஒவ்வொரு சந்தை நாளும் இவள் போகிறாள். சில வாரம் நானும் துணைக்குப் போவேன். மலைப்பக்கத்து பஸ் வந்து நின்றால் எழுந்துகொள்வாள். கடைசி ஆள் இறங்கிய பிறகு உட்கார்ந்துகொள்வாள்.

இப்போதும் ஊர் ஊராகப் போய், மனதில் இருப்பதைத் தைரியமாகப் பேசுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்; ஆனால் மைக்கை நீட்டுவதற்கு முன்னால், அவளுக்கு மிச்சமிருந்த ஒரு வாய்ச் சோற்றையும் நாங்களே தட்டிவிட்டோமே என்று நினைத்து, வெளியே போய் மரத்தில் குழாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.