நான் சமைத்ததும் நான் சாப்பிட்டதும்

என் மகன் கபிலன் எந்த நாளில் சிரிப்பதை நிறுத்தினான் என்று எனக்குத் தெரியாது. மேல்மாடி ஜெசிந்தா அக்காவின் மகள் பிடிமானம் இல்லாமல் முதன்முதலாக உட்கார்ந்த நாள் மட்டும் தெரியும். அது ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம். மழை பெய்துகொண்டிருந்தது.

இரண்டு பிள்ளைகளும் ஸ்டுட்கார்ட்டில் பன்னிரண்டு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். கபிலன்தான் மூத்தவன். பிறந்தபோது நிறையும் அவனுக்குத்தான் கூட. ஐந்தாம் மாதத்திலிருந்து அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்குக் குத்தத் தொடங்கின. மூத்தவன் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

ஜெசிந்தா அக்கா மன்னாரைச் சேர்ந்தவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். அவரிடம் எனக்கு மிகவும் பொறுக்காத ஒன்று, அவர் சாப்பிடும் விதம். மதியம் மேசையில் உட்கார்ந்து, சோறு, மீன் குழம்பு, கீரை எல்லாவற்றையும் தட்டில் போட்டு, ஆறுதலாகச் சாப்பிடுவார். மகள் அழுதால், “பொறடி, அம்மா சாப்பிடுறன்” என்று சொல்லிவிட்டு முள்ளை எடுத்துக்கொண்டிருப்பார். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாயால் எப்படி விழுங்க முடிகிறது என்று நான் நினைப்பேன். அந்தப் பிள்ளையின் கன்னத்தையும் பார்ப்பேன்.

ஒன்றில் மட்டும் நான் வென்றிருந்தேன். ஜெசிந்தா அக்காவுக்கு இரண்டாம் மாதமே பால் வற்றிவிட்டது. அவருடைய மகள் புட்டியில் கரைத்த மாப்பால் குடித்தாள். கபிலன் தாய்ப்பால் மட்டும்தான். வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவத் தாதி அதற்காக என்னைப் பாராட்டியிருந்தார். அந்தப் பாராட்டை நான் ஜெசிந்தா அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அறிகுறிகள் ஒன்றொன்றாக வந்தன. அவன் அதிகம் தூங்கினான். மசித்த கரட்டைக் கொடுத்தால் துப்பினான். நேராக நின்ற கழுத்து மறுபடி ஆடத் தொடங்கியது. “நல்ல சாதுப் பிள்ளை” என்று வந்தவர்கள் சொன்னார்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். என் நாக்கு எரிந்தது. கால்விரல்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. சமையல், பிள்ளை, மாலையில் இரண்டு மணி நேரம் ஓர் அலுவலகத்தைத் துப்புரவாக்கும் வேலை. களைப்பு வரத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மஞ்சள் புத்தகம் தருவார்கள். குறிப்பிட்ட மாதங்களில் வைத்தியர் நிறை, உயரம், அசைவு எல்லாம் பார்த்து அதில் எழுதுவார். ஆறாம் மாதம் கழிந்து வரும் பரிசோதனைக்கு ஜெசிந்தா அக்கா இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே காலையில் டெர்மின் (முன்பதிவு நேரம்) எடுத்திருந்தார். “ஒண்டாப் போவம் சுபா. பஸ்ஸில கதைச்சுக்கொண்டு போகலாம்” என்றார்.

ஒரே தராசில் இரண்டு பிள்ளைகளையும் அடுத்தடுத்துக் கிடத்துவார்கள். டெர்மினுக்கு முதல் நாள் வைத்தியரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அடுத்த டெர்மின் நாலு கிழமைக்குப் (வாரத்துக்குப்) பிறகு கிடைத்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் தன் பிள்ளையை இன்னொரு பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பயந்து, அந்தப் பயத்தை யாருக்கும் காட்டாமல் இருக்கும் தாய் நான் ஒருத்தி மட்டும் அல்ல என்று நினைக்கிறேன்.

மூன்றாம் கிழமை ஜெசிந்தா அக்கா தானாகவே கீழே வந்தார். நான் கதவைப் பாதிதான் திறந்தேன்.

“என்ன ஆளைக் காணேல்ல? ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறீரோ?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்து கபிலனைத் தூக்கினார். அவன் தலை பின்னால் சரிந்தது. அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“எத்தினை நாளா இவன் இப்பிடிக் கிடக்கிறான்?”

“நித்திரைத் தூக்கம், அக்கா.”

“இது நித்திரை இல்லை. வெளிக்கிடும். இப்பவே டொக்டரிட்டப் போவம்.”

“எனக்கு டெர்மின் அடுத்த கிழமைதான்.”

“டெர்மினும் மண்ணாங்கட்டியும்!”

எனக்குக் கோபம் ஏறியது. “உங்கட பிள்ளை எழும்பி இருந்திட்டாள் எண்டா ஊரில எல்லாப் பிள்ளையும் இருக்கோணுமோ?” என்று கேட்டேன்.

அவர் கபிலனின் கழுத்தைத் தன் கையால் தாங்கிக்கொண்டார். “என்ர பிள்ளையப் பாத்துப் பாத்து எரிஞ்ச நேரத்துக்கு, உம்மட பிள்ளைய ஒருக்காப் பாத்திருக்கலாம் சுபா.”

அதுவரை யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் தினமும் என்னோடு பேசியிருக்கிறார். நான் காலில் சப்பாத்தைப் போட்டேன்.

குழந்தை வைத்தியர் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. நேராக மருத்துவமனைக்கு அனுப்பினார். ஜெசிந்தா அக்கா தகவல் சொல்ல, உணவகத்தில் சமையல் வேலை செய்யும் என் கணவர் அந்த உடுப்போடு ஓடி வந்தார். அவரில் வெங்காயம் மணத்தது.

மறுநாள் ஒரு பெண் வைத்தியர் எங்களைத் தன் அறைக்கு அழைத்தார். கபிலனுக்கு மெகலோபிளாஸ்ரிக் சோகை (இரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெரிதாகி, எண்ணிக்கையில் குறைந்துபோகும் நோய்) என்றார். நரம்புகளும் பாதிக்கப்பட்டிருந்தன. எப்போதிலிருந்து சிரிப்பதில்லை என்று கேட்டார்.

கணவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு நாளும் நினைவு வரவில்லை. பிறகு, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன். மேல்மாடிப் பிள்ளை குப்புறப் புரண்ட அன்று இவன் சிரித்தான். அவள் முதல் கரண்டி களி சாப்பிட்டபோது கொஞ்சம் சிரித்தான். அவள் உட்கார்ந்த அன்று சிரிக்கவில்லை. கழுத்து ஆடத் தொடங்கியது அவளுக்குப் பல் முளைத்த கிழமை. வைத்தியர் ஒவ்வொன்றுக்கும் திகதி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் திகதி இருந்தது. அவர் எழுதிக்கொண்டே போனார். எனக்கு முகம் சுட்டது.

பிறகு, “நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று என்னிடம் கேட்டார்.

“அவ நல்லாச் சமைப்பா” என்று கணவர் ஜெர்மன் மொழியில் முந்திக்கொண்டார். நானும் சொன்னேன்: சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, மீன் குழம்பு, ஞாயிறு என்றால் கோழி.

வைத்தியர் பேனாவை வைத்தார். “நீங்கள் சமைத்ததைச் சொல்கிறீர்கள். நான் கேட்டது நீங்கள் சாப்பிட்டதை. நேற்று முன்தினம் காலையில் இருந்து சொல்லுங்கள்.”

காலையில் பால் விடாத தேநீர். பத்து மணிக்கு இன்னொன்று. மதியம் கணவர் சாப்பிட்ட பிறகு, மிஞ்சிய சோற்றில் சொதியை விட்டு, அடுப்படியில் நின்றபடி நாலு வாய். அதோடு ஒரு தேநீர். இரவு இரண்டு துண்டு பாண் (பிரெட்), சம்பல். சொல்லி முடிக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை.

“மீன்?”

“அது அவருக்கு.”

எங்கள் அகதி விண்ணப்பம் ஏற்கப்படும்வரை மச்சம் தொடுவதில்லை என்று மூன்று வருடத்துக்கு முன் முருகனுக்கு நேர்ந்திருந்தேன். மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம். விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருந்தது. பிள்ளை பிறந்த பிறகு பாலையும் தயிரையும் விட்டேன். தாய் குளிர்ச்சியானது சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று ஊரில் இருந்து சொல்லியிருந்தார்கள். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். சொன்னதைக் கேட்டேன்.

விற்றமின் பி12 (இரத்தத்துக்கும் நரம்புகளுக்கும் வேண்டிய சத்து) மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில்தான் இயற்கையாகக் கிடைக்கும் என்று வைத்தியர் விளக்கினார். கர்ப்பத்தில் தந்த இரும்புச்சத்து மாத்திரை இதற்கு ஈடாகாது. “உங்கள் பாலில் பிழை இல்லை. உங்களுக்கே கிடைக்காததைப் பால் எங்கிருந்து கொண்டுவரும்?”

நான் வென்றதாக நினைத்த ஒன்றும் அந்த அறையில் போனது.

“பிள்ளை சுகமாகிவிடுவானா?” என்று கணவர் கேட்டார். சிரிப்பும் பசியும் விரைவில் திரும்பும் என்றார் வைத்தியர். உட்காருவது, நடப்பது, பேசுவது எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். மூன்று கிழமைக்கு முன் வந்திருந்தால் என்று நான் கேட்டேன். “முந்தி வந்திருந்தால் நல்லது. நேற்று வந்ததும் நல்லது” என்றார்.

அவனுக்கும் எனக்கும் ஊசி தொடங்கினார்கள். இரண்டாம் நாள் அவன் கையும் நாக்கும் நடுங்கின. நரம்புகள் விழிக்கும்போது சிலருக்கு அப்படி ஆகும், அடங்கிவிடும் என்றார்கள். அடங்கும்வரை நான் கட்டில் கம்பியை விடவில்லை.

நாலாம் நாள் ஜெசிந்தா அக்கா சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார். “எங்கட சிங்கக்குட்டி என்ன சொல்லுது?” என்று குனிந்தார். கபிலன் அவரைப் பார்த்துச் சிரித்தான்.

நாலு நாளாக அவன் முகத்துக்கு முன்னால் இருந்தவள் நான். கை தட்டினேன், பாடினேன், கெஞ்சினேன். அந்தச் சிரிப்பு அவருக்குப் போனது. நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று கணவர் நினைத்தார். “அக்கா இல்லாட்டி என்ன நடந்திருக்கும்” என்று அவர் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, பெட்டியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. பிள்ளையைக் காப்பாற்றியவரைப் பார்த்தும் இந்த மனம் எரிந்தது. இதைவிடக் கீழே என்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை.

ஜெசிந்தா அக்கா பெட்டியைத் திறந்து என் மடியில் வைத்தார். சோறு, மீன் பொரியல். “அழுது முடிச்சிட்டுச் சாப்பிடும். ஆறினா மணக்கும்” என்றார்.

“நேர்த்தி, அக்கா.”

கணவர்தான் இடையில் வந்தார். “உன்ர நேர்த்திய நான் எடுக்கிறன். இண்டையில இருந்து நான் மச்சம் விடுறன், நீ சாப்பிடு. முருகனோட நான் கதைச்சுக்கொள்ளுறன்.”

“சமையல்காரன் நீர், கோழிய ருசி பாக்காமல் எப்பிடிச் சமைப்பீர்?” என்று ஜெசிந்தா அக்கா கேட்டார்.

“துப்பிப்போடுவன்.”

மூன்று வருடத்துக்குப் பிறகு மீனை வாயில் வைத்தேன். எரிந்த நாக்குக்கு ருசி தெரியவில்லை. ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என் ஊசி நாளுக்கொன்று, கிழமைக்கொன்று, மாதத்துக்கொன்று என்று விலகிக்கொண்டே போனது. ஒரு தடவை வைத்தியரிடம், மூன்று வருடம் நான் எப்படி நடமாடினேன் என்று கேட்டேன். ஈரல் இந்தச் சத்தைப் பல வருடத்துக்குச் சேமித்து வைத்திருக்கும் என்றார். அதாவது இருபது வயதில் யாழ்ப்பாணத்தில் சாப்பிட்டதைக் கொண்டு ஸ்டுட்கார்ட்டில் படி ஏறி இறங்கியிருக்கிறேன். அது தீர்ந்த இடத்தில் கபிலன் பிறந்திருக்கிறான். என் உடம்பை நான் இன்றைய உடம்பு என்றே நினைத்து வந்தவள். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. இன்று தவறவிட்ட சாப்பாடு எந்த வருடத்தில், யாருடைய காலில் போய் நிற்கும் என்று தெரியாது.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடும் பெண்களுக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் செய்வது சிறிய காரியங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆறு முட்டை அவித்துக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். பருப்பிலும் கீரையிலும் கடைசியில் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிகிறேன், இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். தேநீரைச் சாப்பாட்டோடு குடிப்பதில்லை, ஒரு மணி நேரம் கழித்துத்தான். தயிர் குளிர் என்றால் சற்று முன்பே வெளியே எடுத்து வைக்கிறேன். சைவம் விடமாட்டேன் என்பவர்கள் பாலும் தயிரும் சேர்த்து, இரத்தத்தைச் சோதித்து, வைத்தியர் சொல்லும் மாத்திரையை எடுங்கள். அதற்குச் சாமி கோபிக்காது. என் கணவர் எடுத்த நேர்த்தி ஒன்பது நாள்தான் தாக்குப்பிடித்தது, அதற்கே ஒன்றும் நடக்கவில்லை. எல்லாவற்றிலும் கடினமானது, தட்டை மேசையில் வைத்து உட்காருவது. நின்றால்தான் வேலை செய்வதாக எனக்கு இன்னும் தோன்றுகிறது.

கபிலன் பதினொன்றாம் மாதம் உட்கார்ந்தான். இருபதாம் மாதம் நடந்தான். ஜெசிந்தா அக்காவின் மகள் பதின்மூன்றில் நடந்தாள். இதையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போது அவனுக்கு மூன்று வயது. பேச்சு கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. அது அவன் சுபாவமா, அல்லது நான் மறைத்த மூன்று கிழமையா என்று எந்த வைத்தியராலும் சொல்ல ஏலாது. அந்தக் கேள்வியோடுதான் இருக்கப் பழகுகிறேன்.

போன சனிக்கிழமை மதியம் அவனுக்கு ஊட்டி முடித்துவிட்டு என் தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். சோறு, கீரை, பொரித்த மீன் ஒரு துண்டு. அவன் வந்து என் முழங்காலைப் பிடித்து, மீனைக் காட்டி, “தா” என்றான்.

கை தானாக மீனுக்குப் போனது. பிறகு நின்றது.

“நீ சாப்பிட்டிட்டாய், அப்பன். இது அம்மான்ர.”

அவன் வாயைக் கோணி அழத் தொடங்கினான். சத்தம் மேல்மாடிக்கும் கேட்டிருக்கும். நான் எழும்பவில்லை. மீனைப் பிட்டு, முள்ளை எடுத்து, சோற்றோடு குழைத்து வாயில் வைத்தேன். அவன் அழுதுகொண்டே என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே மென்றேன்.