அத்தையின் ஆண் குரல்

எங்கள் வீட்டில் யாரும் பகலில் கதவைச் சாத்திக்கொள்வது கிடையாது. பட்டுச் சேலை வியாபாரம் செய்கிற வீடு. சேலை பார்க்க யாராவது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில், தினமும் மாலை நாலரை மணிக்கு அத்தை மாடி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஆரம்பித்தபோது, முதலில் சந்தேகப்பட்டவள் நான்தான். அது என்னுடைய நேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த அறை டிவியில்தான் கார்ட்டூன் பார்ப்பேன்.

அதே டிவியில் சித்தப்பாவின் வீடியோ கேம் பெட்டியும் மாட்டியிருந்தது. சித்தப்பாவுக்குப் புது இயந்திரம் என்றால் பைத்தியம். எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்ததும் முதல் இணைப்பு வாங்கியவர் அவர்தான். எங்கேயோ இருக்கிற ஒருவரோடு சேர்ந்து ஆடலாம், ஆடிக்கொண்டே ஹெட்செட்டில் பேசலாம் என்று அவர் விளக்கியபோது அப்பா, "பக்கத்து வூட்டுக்காரன்கிட்ட பேச நேரமில்ல, ஊர் பேர் தெரியாதவன்கிட்ட பேசப் போறானாம்" என்று எழுந்து போய்விட்டார்.

அத்தை, அப்பாவின் தங்கை. பெங்களூரில் வாழ்க்கைப்பட்டு, அது சரிவராமல் ஆரணிக்கே திரும்பி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவருடைய மகன், என்னைவிடக் கொஞ்சம் பெரியவன், அவன் அப்பாவிடமே இருந்தான். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவான். பிறகு அந்த வீட்டில் எங்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். சேலைகளை மடித்து அடுக்குவார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்.

அந்த அத்தைதான் சாத்திய கதவுக்குப் பின்னால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

கதவில் காதை வைத்தேன். "நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வந்துகினு இருக்கேன்" என்றார். பிறகு, "யாரும் பாக்கல, தைரியமா வா." கடைசியில், "நாளைக்கும் இதே நேரம் வந்துடு." எதிராளி சொன்னது எதுவும் கேட்கவில்லை. ஹெட்செட் மாட்டினால் அந்தக் குரல் மாட்டியவர் காதோடு போய்விடும்.

நேராகச் சமையலறைக்கு ஓடினேன்.

"யார்கிட்ட பேசறாங்க? ஆம்பளையா, பொம்பளையா?" என்றார் அம்மா.

தெரியவில்லை என்றேன். அது தெரியாததே அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. "இது ஓடிப் போற பேச்சு" என்று முடிவு கட்டிவிட்டார். அப்பாவின் சந்தேகம் வேறு திசையில் போனது. முகூர்த்த மாதத்துக்கென்று நெய்து வாங்கிய புது டிசைன் சேலைகள் அந்த அறையில்தான் இருந்தன. போட்டி வியாபாரி எவனோ அத்தையைப் பிடித்து டிசைனை விசாரிக்கிறான் என்று அவர் நினைத்தார். "யாரும் பாக்கல, தைரியமா வா" என்பது இரண்டு சந்தேகத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

வீட்டில் என் மதிப்பு ஏறியது. தினமும் கதவோரம் நின்று கேட்டதை அப்படியே வந்து ஒப்பிப்பேன். கார்ட்டூன் போன வருத்தம்கூட மறந்துவிட்டது.

சித்தப்பாவை விசாரித்தபோது அவர் சிரித்தார். "அய்யே, அது கேமு. துப்பாக்கிச் சண்ட. அப்படித்தான் பேசுவாங்க." சிரித்துக்கொண்டே பெட்டியைப் போட்டுப் பார்த்தவர், ஓர் இடத்தில் நின்றுவிட்டார். பேசுகிறவரின் குரலை மாற்றி அனுப்புகிற வசதி ஒன்று அதில் உண்டாம். அதை யாரோ போட்டு வைத்திருந்தார்கள். "அக்கா பேசினா அந்தப் பக்கம் ஆம்பளக் குரலா கேக்கும்" என்றார் மெதுவாக.

அப்பா, "நல்ல காரியத்துக்கு எதுக்குடா குரல மாத்திகினு பேசணும்?" என்றார். சித்தப்பாவிடம் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. ஹெட்செட் மாட்டியிருந்தாலும் எதிராளியின் குரல் டிவியிலும் வருகிற மாதிரி வைத்துவிடலாம். வைத்துவிட்டார்.

மறுநாள், தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் நாங்கள் நாலு பேரும் ஓசைப்படாமல் மாடி ஏறினோம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. எனக்கு மட்டும் திருடனைப் பிடிக்கப் போகிற சந்தோஷம்.

"அண்ணா! வந்துட்டீங்களா?"

டிவியின் முழுச் சத்தத்தில் ஒரு பையனின் குரல். அப்போதுதான் உடைய ஆரம்பித்திருந்த குரல். "இன்னைக்கு கணக்கு டெஸ்ட்ணா. கோட்டை விட்டுட்டேன்."

உள்ளே ஏதோ கீழே விழுந்தது. அப்பா கதவைத் தட்டினார். திறந்த அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. ஹெட்செட் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. டிவி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "அண்ணா, இருக்கீங்களா? கேக்குதாண்ணா?"

அது யார் குரல் என்பது அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஹெட்செட்டின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அத்தை சொன்னார். சித்தப்பா இதே மாதிரி இன்னொரு பெட்டியை மகனுடைய பிறந்தநாளுக்கு அனுப்பியிருந்தார். அவன் பள்ளி விட்டு வந்து ஆட உட்கார்ந்தால், இங்கே அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். அத்தை வேறொரு பெயரில் நுழைந்து அவனோடு சேர்ந்துகொண்டார். "அங்க டிவியிலதான் சத்தம் வருது. ஹால்ல அவர் இருப்பாரு. என் குரல் கேட்டா இதையும் புடுங்கிடுவாங்க. அதான், சென்னையில காலேஜ் படிக்கிற பையன்னு சொல்லிகினு இருக்கேன்."

"அவனுக்குத் தெரியுமா?" என்றார் அம்மா.

"தெரியாது அண்ணி. தெரிஞ்சா வாய் தவறிச் சொல்லிடுவான். வேணாம்."

"அண்ணா, கோச்சுக்கிட்டீங்களா?" என்றது டிவி.

"பேசும்மா" என்றார் அப்பா. "புள்ள கூப்படறான் பாரு."

அன்றே குரலை மறுபடி ஹெட்செட்டுக்கு மட்டும் மாற்றச் சொன்னார். நாலரை மணிக்கு மாடிப்பக்கம் யாரும் போகக்கூடாது என்றும் உத்தரவு போட்டார். வழக்கு முடிந்து, விடுமுறைக்கு விடுமுறை அவன் எங்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்ததெல்லாம் பின்னால் நடந்தவை. அப்போதைக்குப் பெரியவர்களின் சந்தேகம் தீர்ந்துவிட்டது. என்னுடையதுதான் தீரவில்லை. நான் அழுத அழுகையில், வாயைத் திறக்காமல் அத்தை பக்கத்தில் உட்கார எனக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

இடிந்து கிடக்கிற ஒரு நகரத்தைக் கடந்து, இரண்டு பேரும் ஆற்றங்கரைப் படகில் ஏறிவிட்டால் ஆட்டம் முடிந்தது. அவனுக்கு ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம்தான் அனுமதி. படகு கிளம்பினால் பிறகு மறுநாள்தான். அத்தை சுவரில் முட்டி, பள்ளத்தில் விழுந்து எப்படியோ படகுக்கு வந்து சேர்ந்துவிடுவார். அவனும் வருவான். ஓர் எட்டு வைத்தால் ஜெயித்துவிடலாம் என்கிற இடத்தில் நின்று, சட்டென்று திரும்பி, வந்த வழியே ஓடிவிடுவான். "மறுபடியும் இன்னாத்த மறந்துட்ட?" என்பார் அத்தை. அங்கே எடுத்துவர ஒன்றுமே கிடையாது. அவன் போகிற இடத்தையெல்லாம் நான் திரையில் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

அவன் அடிக்கடி இப்படிச் செய்வதைப் பார்த்து, ஒரு நாள் பொறுக்க முடியாமல் அத்தையின் காதில் சொன்னேன். "அத்த, அவன் வேணும்னே திரும்பிப் போறான். உங்கள ஏமாத்தறான்."

அத்தை மைக்கைப் பொத்திக்கொண்டார். "தெரியும்" என்றார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஏமாற்றப்படுகிற ஒருவர் எதற்காக இவ்வளவு சந்தோஷப்படவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரையுமே சந்தேகப்பட ஆரம்பித்தேன்.