குடல்வாலும் இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெயும்

அம்மா எந்த நொடியில் அந்த பெஞ்சிலிருந்து எழ முடிவு செய்தாள்? அவளிடம் நான் இதைக் கேட்டதில்லை. கேட்டால் அவளுக்கே பதில் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

2009 கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயது. கடலூர் முதுநகரில் இருந்தோம். அப்பாவுக்கு வளைகுடாவில் வேலை. எங்களுக்குத் துணை சித்தப்பா. அவர் பண்ருட்டியிலிருந்து கொண்டுவந்த பலாப்பழத்தில் பெரும்பங்கு முந்தைய நாள் என் வயிற்றுக்குள் போயிருந்தது. அதனால் காலையில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று நான் சொன்னபோது யாரும் பதறவில்லை. பலா வரும் மாதங்களில் எங்கள் பக்கத்து வயிற்றுவலிக்கெல்லாம் காரணம் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான்.

"உள்ள மரமே மொளச்சிருக்கும் அண்ணி" என்றார் சித்தப்பா.

அம்மா சூடான பாலில் இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய் கலந்து, மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

மதியத்துக்குள் வாந்தியும் காய்ச்சலும் வந்தன. வலி வலதுபக்க அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. தெருமுனை டாக்டர் அங்கே அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். எடுத்தபோதுதான் உயிர் போனது. சிதம்பரத்தில் தனக்குத் தெரிந்த சர்ஜனிடம் உடனே போகச் சொன்னார். வாடகைக் காரில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் கத்திக்கொண்டே போனேன்.

சர்ஜன் ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து, அதன் சுண்டுவிரலைத் தொங்கவிட்டுக் காட்டினார்.

"குடல்வால் இப்படித்தாம்மா இருக்கும். சிறுகுடல் பெருங்குடலோட சேர்ற எடத்துல தொங்கும். வாய் ஒரு பக்கம்தான். அது அடைச்சிக்கிட்டா உள்ளயே வீங்கும்."

"அதால என்னா சார் பிரயோஜனம்?" என்றார் சித்தப்பா.

"ஒண்ணுமில்லன்னுதான் நாங்க படிச்சோம். இப்ப, நல்ல கிருமிங்க தங்குற எடம், எதிர்ப்பு சக்திக்கும் கொஞ்சம் உதவுதுன்றாங்க. ஆனா அது இல்லாமலும் நல்லா வாழலாம்."

"காலி வீடுன்னு பாத்தா உள்ள குடித்தனம் இருக்குது அண்ணி."

அம்மா சிரிக்கவில்லை. டாக்டர் அவளிடம் கேட்டார்: "பேதிக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்ல சார். சீரகத் தண்ணிதான்."

அப்பா போனில் விசாரிக்கும்போது, "இங்க எல்லாம் நல்லாருக்கு" என்று சொல்வாளே, அந்தக் குரல். அது கேட்டால் பக்கத்தில் இருக்கும் நானும் ஆமாம் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சீரகத் தண்ணி" என்றேன்.

"நல்லதாப் போச்சு. பேதி மருந்து குடல முடுக்கிவிட்டா வெடிக்கிற ஆபத்து ஜாஸ்தி. சாயந்தரம் வரைக்கும் பாக்கலாம்."

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருப்பது கட்டிலிலிருந்து தெரிந்தது. ஒரு மணி நேரம் இருக்கலாம். பிறகு எழுந்து டாக்டர் அறைக்குள் போனாள்.

"மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா!" என்று அவர் போட்ட சத்தம் வார்டு வரை கேட்டது.

உடனே என்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெட்டி எடுத்ததை வீட்டு ஆட்களிடம் காட்டுவது அங்கே வழக்கம். தட்டில் கிடந்தது சிவந்து உப்பியிருந்ததாகவும், இன்னும் சற்று நேரத்தில் வெடித்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகவும் சித்தப்பா பிறகு சொன்னார்.

நான் அம்மாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. அவளுக்காகத்தான் பொய் சொன்னேன். அவளோ தான் மட்டும் போய் உண்மையைச் சொல்லி, என்னைப் பொய்க்காரியாக விட்டுவிட்டாள். டாக்டர் வரும்போதெல்லாம் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் யாருக்காக அந்தத் திட்டை வாங்கினாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இப்போது என் மகளுக்கு மூன்று வயது. போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். பழைய பாட்டிலில் மீதமிருந்த மருந்தைக் கொடுத்துவிட்டேன். "வேற ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். காய்ச்சல் விட்டும் விடாமலும் இருக்கிறது. நாளை மறுபடி காட்ட வேண்டும்.

இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு திரும்பிப் போய் உண்மையைச் சொன்னவர்கள் உங்களில் இருந்தால், முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்கினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.