கண்மாய்க்கரைப் புகை

புகையையும் புழுதியையும் பிரித்துச் சொல்வதுதான் என் வேலை. இராமேஸ்வரத்தில் ஒரு சின்ன அலுவலகம். செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்து, வறண்ட கண்மாயிலிருந்து கிளம்பும் புழுதி எது, காட்டுத்தீயின் புகை எது என்று குறிக்க வேண்டும். புழுதி பழுப்பாக, அகலமாகக் கிளம்பும். புகை ஒரே இடத்தில் தொடங்கி வாலாக நீளும். இதில் நான் கெட்டிக்காரி என்று பேர்.

அங்கே யாருக்கும் தெரியாத ஒன்று, என் அய்யா கரிமூட்டம் போடுகிறவர். நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊர். சீமைக்கருவேலை வெட்டி வட்டமாக அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசி மூடி உள்ளே தீ வைத்தால், ஒரு வாரத்துக்கு மேல் புகைந்து கரியாகும். எங்காவது மண் வெடித்தால் உடனே பூசிவிட வேண்டும். காற்றுப் புகுந்தால் அவ்வளவும் சாம்பல். என் பள்ளிக்கூட யூனிஃபார்மில் எப்போதும் அந்த வாடை இருக்கும். பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒருத்தி பெஞ்சு மாறிப் போனாள். அன்றிலிருந்து அய்யா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும் விவசாயம் என்பேன். இப்போது என் பக்கத்து மேசையில் இருப்பவள் தங்கச்சிமடத்துக்காரி. “எங்கப்பா மீன் பிடிக்க போட்டுக்குப் போறாரு” என்று சொல்லிக்கொண்டே மத்தியானம் கருவாட்டுக் குழம்பைத் திறப்பாள். அவள்மேல் எனக்குப் பொறாமை.

அது ஆடி மாதம். அன்று காலைப் படத்தில் புழுதிக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று தெரிந்தது. பெரிதாக்கினேன். எங்கள் ஊர்க் கண்மாய். அதன் தென்கரையில் அய்யா போட்ட மூட்டம். இரண்டு நாள் முன்புதான் போனில் சொல்லியிருந்தார்: “மூச்சு ரொம்ப இளைக்குது தாயி. இந்த மூட்டத்தோட நிப்பாட்டிக்கிறேன்.”

அதிகாரி பின்னால் வந்து நின்றார்.

“என்னம்மா, புழுதியா?”

“புகை சார்.”

“காட்டுத்தீயா? உங்க ஊர்ப்பக்கம்தானே அது?”

கரிமூட்டம் சார் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். தங்கச்சிமடத்துக்காரி வேறு திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்து அந்த யூனிஃபார்ம் வாடை மூக்கில் ஏறியது.

“இருக்கலாம் சார்” என்றேன்.

அவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணினார். வண்டி போய்ச்சேர எப்படியும் அரைமணி நேரமாகும். அதற்குள் வாயைத் திறந்திருக்கலாம். அய்யாவுக்காவது ஒரு போன் போட்டிருக்கலாம். கல்நெஞ்சுக்காரி, நான் அடுத்த படத்தைத் திறந்துகொண்டேன்.

சாயங்காலம் அய்யாவே கூப்பிட்டார்.

“மூட்டம் போச்சு தாயி. கஞ்சி குடிக்க வீட்டுக்கு வந்திருந்தேன். அதுக்குள்ள வண்டி வந்து மண்ணப் பேத்துத் தண்ணியப் பீச்சிட்டாக. காத்து பலமா இருக்குல்ல, காடு பத்திக்கிரும்னு பயந்துட்டாக போல. மேலயிருந்து எடுத்த படத்துல யாரோ பாத்துச் சொன்னாகளாம்.” கொஞ்ச நேரம் இருமினார். “நீயும் அந்த மாதிரிப் படந்தான பாக்குற? பாத்தா மூட்டம்னு தெரியாதா?”

“தெரியாதுய்யா.”

“அதான பாத்தேன். அம்புட்டு உசரத்துல இருந்து என்ன தெரியும், பாவம். விடு. இன்னொரு மூட்டம் போட்டுட்டு நிப்பாட்டிக்கிறேன்.”

அந்த யாரோவுக்காகத்தான் அவர் பாவப்பட்டார். போனை வைத்த பிறகு வெகுநேரம் அழுதேன். அழுது என்ன, விறகு வெட்டப் போகிறவர் அவர்தானே.

அடுத்த மாதம் அதே கரையில் மறுபடி கீற்று தெரிந்தது. இந்த முறை அதிகாரி கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

“அது தீ இல்ல சார், கரிமூட்டம். எங்க ஊர்ல யாரோ போடுவாங்க.”