கற்பூரத்தின் முன் வந்த இருமல்

என் அண்ணன் பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. இன்று இதை எழுதுவது சுலபம். ஐந்து வருடமாக, தங்கை நானே நம்பவில்லை.

கிரிவலப் பாதையில் ஆட்டோ ஓட்டுகிறான். நாற்பது வயதிலேயே, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் நடுப்படியில் நின்றுவிடுவான். ஸ்டாண்டில் மற்றவர்கள் ஊதித் தள்ளுவார்கள். அந்த நாற்றம் இவன் சட்டையில் ஏறி வீட்டுக்கு வரும். துவைப்பதற்கு முன் அண்ணி முகர்ந்து பார்ப்பாள். நானும் பார்த்திருக்கிறேன். டாக்டர் கேட்டால் "பழக்கமே இல்லீங்க" என்பான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

போன மாசியில் அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைத் திரும்ப வரவழைக்க ஒரு யோசனை சொன்னேன். சாமி முன்னால் கற்பூரத்தை அணைத்து அண்ணன் சத்தியம் செய்யட்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அண்ணியும் சம்மதித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, தெருமுனை அம்மன் கோயில். அண்ணி மகளோடு வந்திருந்தாள். சின்ன இடம், புகை வெளியேற வழியில்லை. தட்டில் கற்பூரம் எரிந்தது. அண்ணன் அதன்மேல் குனிந்து, கையை நீட்டி, "நான் ஒருநாளும்..." என்றான். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கையை இழுத்து நெஞ்சைப் பிடித்தான். விடாமல் இருமினான். கற்பூரம் தானாகவே எரிந்து தீர்ந்தது.

"பாத்தியா, ஆத்தா முன்னாடி பொய் வாயில வரல" என்றாள் அண்ணி. மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாள். நானும் அவளைப் போலத்தான் நினைத்தேன். சனியன், இதிலும் ஏமாற்றப் பார்த்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். அவன் உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்த பிறகும் எனக்கு வீம்பு அடங்கவில்லை. "நிறைய சிகரெட் பிடிப்பாரு டாக்டர், ஒத்துக்க மாட்டாரு" என்றேன். அந்த டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தார். ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. நுரையீரலுக்குள் தூசியோ கிருமியோ போனால் ரத்தத்தின் வெள்ளையணுக்கள் அதை அழிக்க ஒருவித நொதியைக் கக்குமாம். அந்த நொதி நம் நுரையீரலையே தின்றுவிடாமல் ஒரு புரதம் தடுக்குமாம். அது கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் வருவது. "இவருக்கு அது பிறவியிலேயே ரொம்ப கம்மி. களைக்கு அடிச்ச மருந்து பயிரையும் கருக்குற மாதிரி வச்சுக்கங்க. புகை, தூசி பக்கம் போகவே கூடாது. போனது திரும்பாது, இருக்கறதக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டரம்மா. கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது இருக்கலாம், பார்த்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அண்ணன் கட்டிலருகே போய், "மன்னிச்சிடுண்ணா. இப்பவே அண்ணிக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன்" என்றேன்.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "வேணாம்மா. நான் சிகரெட் குடிச்சதாவே இருக்கட்டும். பாப்பாவுக்கும் இருக்குமோன்னு அவ பயந்தே செத்துடுவா."

ஐந்து வருடம் நம்பச் சொல்லி மன்றாடியவன், நம்ப ஆதாரம் கையில் வந்ததும் மறைக்கச் சொல்கிறான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "போதும்ண்ணா. பாப்பாவுக்கு இருந்தா இப்பவே தெரியணும்" என்று அவன் எதிரிலேயே அண்ணியை அழைத்தேன். ஸ்பீக்கரில் போட்டு, டாக்டரம்மா சொன்ன எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.



"பாப்பாவ எப்ப கூட்டிட்டு வரட்டும்?" என்றாள் அண்ணி. பிறகு குரல் உடைந்து, "அன்னிக்கு அவரு மூச்சுக்குத் தவிச்சாரு. நான் பஸ்ஸைப் புடிக்க ஓடினேன்" என்றாள்.

அண்ணன் மூக்குக் குழாயை விலக்கிவிட்டு, "பாப்பா சாப்டாளா?" என்று கேட்டான்.